ஒரு சொட்டு ஒழுகாத எஞ்சின்

ஒரு காலத்தில் அவரைச் 'சொட்டு மேஸ்திரி' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். பெயரைக் கேட்டுவிட்டு அவர் தலையைப் பார்த்தவர்கள் உண்டு. முடியெல்லாம் அடர்த்தியாகத்தான் இருந்தது. "என் கை பட்ட எஞ்சின்ல ஒரு சொட்டு ஒழுகாது" என்று நாளுக்கு நாலு தடவை பீற்றிக்கொண்டதால் வந்த பெயர் அது. பீற்றலே தவிரப் பொய்யில்லை. மற்றவர்கள் பூட்டிய டீசல் எஞ்சினுக்கு அடியில் மணல் கொட்டி வைக்க வேண்டும். இவர் பூட்டியதற்கு அடியில் பாய் விரித்துப் படுக்கலாம்.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டியை வைத்து மூடும்போது, கசியாமலிருக்க விளிம்பில் பேஸ்ட் தடவுவார்கள். மற்றவர்கள் விரல் நுனியில் எடுத்து மெல்லிசாக இழுப்பார்கள். இவர் தாராளப் பிரபு, ட்யூப்பையே பிதுக்கிவிடுவார். நட்டை முறுக்க முறுக்க வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கல் உடைக்கும் ஆலையின் பழைய எஞ்சினையும் போன மழைக்காலத்துக்கு முன்னால் அவர்தான் பிரித்துப் பூட்டினார். அதை ஓட்டியவன் அவருடைய தம்பி. அப்பா போனபின் அவர் தூக்கி வளர்த்தவன். முதலாளியிடம் பேசி வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஒரு நாள் காலையில், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டான கனெக்டிங் ராடு முறிந்து, பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, அருகில் நின்ற தம்பியின் முழங்காலில் அடித்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

"ஆயில் பாக்காம ஓட்டியிருக்கான்," என்றார் முதலாளி. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பேரிங் உருகும், ராடு முறியும்; அது சரிதான். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் செத்துப் பல காலம் ஆனதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். அவரை விடுங்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை சொந்தபந்தத்துக்கும் முன்னால் அண்ணன் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சின்ன வயசிலேருந்தே உனக்கு அசால்ட்டுடா. என் மானத்தை வாங்கிட்டியே."

"இல்லண்ணே, பாத்தேன். அளவுக் கம்பியில மேல்கோடு வரைக்கும் ஆயில் இருந்துச்சு."

"ஆயில் இருந்தா ராடு எதுக்குடா ஒடையுது? யாருகிட்ட கதை விடறே?"

எஞ்சினைக் கரைத்துக் குடித்த அண்ணன் சொன்னால் எதிர்த்து என்ன பேசுவது? போகப்போகத் தம்பிக்கே, பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், விசாரிக்க வந்தவர்களிடம், "மறந்துட்டேன் போலிருக்கு" என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரி எஞ்சினைப் பிரிக்கப் போனார். பக்கச் சுவரில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பில் காய்ந்து கறுத்திருந்தது எண்ணெய் இல்லை. அதைப் பார்க்காமல் குனிந்து வேலையைத் தொடங்கினார். அளவுக் கம்பி நசுங்கிச் சிக்கியிருந்ததால் யாரும் உருவிப் பார்த்திருக்கவில்லை. காலித் தொட்டிதானே என்று ஒரு சின்ன டப்பாவை வைத்து அடிநட்டைக் கழற்றினார்.

எண்ணெய் கொட்டியது. டப்பா நிரம்பி வழிந்தது. துளையை விரலால் அடைத்துக்கொண்டு வாளி கேட்டுக் கத்தினார். வாளியும் நிரம்பியது.

தொட்டியை இறக்கினார். பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலைச் சல்லடை இருக்கும். அதில் ஒரு கண்கூடத் தெரியவில்லை. சாம்பல் நிறத் துணுக்குகள் அப்பிக் கிடந்தன. ஒன்றை எடுத்து இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டு, விட்டதும் சுருங்கியது. அவருடைய பேஸ்ட். வெளியே வழிந்த அளவுக்கு உள்ளேயும் வழிந்து, காய்ந்து, சூட்டில் உதிர்ந்து சல்லடையில் போய் அடைத்திருக்கிறது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டு போகவில்லை.

"என்ன மேஸ்திரி, நான் சொன்னதுதானே?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். துணுக்குகளைத் துணியில் சுருட்டி எறிந்தால் கதை முடிந்தது. அந்த வார்த்தை அவருடைய நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

"இல்ல முதலாளி. பூட்டினவன் தப்பு," என்றார்.

தம்பி வீட்டில் கட்டில்மேல், துணுக்குகளைச் சுருட்டிய துணியை விரித்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் கத்துவான், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான் என்று நின்றார். அவன் ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப ஆயில் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேல்கோடு வரைக்கும்?"

"வாளியே ரொம்பிப் போச்சுடா."

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏய், இங்க வா! கேட்டியா? நான் பாத்தது நெசம்!" என்று மனைவியைக் கூப்பிட்டான். சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. போன காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவன் செருப்பால் அடித்திருந்தால் மேஸ்திரி எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து துணியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில அத்தனை பேருக்கு முன்னால திட்டினீங்களே மாமா. அவங்களையெல்லாம் கூப்பிட்டு இதையும் சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"சொல்லுங்க. சொல்லிட்டு இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். மேல்கோடு வரைக்கும் இருந்துச்சு, மேல்கோடு வரைக்கும் இருந்துச்சு என்று தம்பி உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது தெருமுனைவரை கேட்டது.