பூனையை வெளியே விடச் சொன்னவன்

1. முதல் நாள்

செல்லப்பிராணி கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வைத்தியம் எனக்குத்தான் நடந்தது. ஒரு கறுப்புப் பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார்கள். மாட்டின் முன்னால் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றுகொண்டு, "வா கண்ணு, வா" என்று கையை உள்ளே விட்டேன். அது வந்தது. என் முழங்கை வரைக்கும் ஏறி வந்தது. டாக்டர் நிவேதா பூனையை விட்டுவிட்டு என் கையைக் குழாயில் காட்டி சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு என்னைத் தடுப்பூசி போட்டுவர அனுப்பினார்.

நான் அன்னூர்ப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருசத்துக்கு மேல் மாடுகளோடு மாடாகக் கிடந்தேன். சினை ஊசி போடுவது, மடிநோய் பார்ப்பது, கன்று மாட்டிக்கொண்டால் தோள் வரைக்கும் கையை விட்டு இழுப்பது எல்லாம் அத்துப்படி. டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஆனால் தோட்டங்காட்டில் எல்லோரும் "டாக்டருங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒரு நாளும் யாரையும் திருத்தியதில்லை.

ஓய்வு பெற்று கோயமுத்தூரில் மகன் வீட்டோடு வந்த மூன்றாம் மாதமே என் மனைவி சொல்லிவிட்டாள்: "நாள் பூராவும் உங்க மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்குக் கிறுக்குப் புடிச்சுக்குமுங்க. எங்காச்சும் போயிட்டு வாங்க." அப்படித்தான் இந்த கிளினிக்குக்கு வந்தேன். கார்டு எழுதுவது, எடை பார்ப்பது, டாக்டர் ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது என் வேலை. டாக்டருக்கு என் மகள் வயசு. என்னை மணி அண்ணா என்று கூப்பிடுவார்.

2. வராந்தாவில் ஒரு டாக்டர்

பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. வெளியே விடலாமா, கூடாதா? டாக்டர் நிவேதாவிடம் அதற்கு ஒரே பதில்தான். "வேண்டாங்க. வண்டியில அடிபடும், நாய் கடிக்கும், சண்டை போட்டுட்டு வந்து சீழ் புடிக்கும், கண்டதையும் தின்னும். உள்ளயே வெச்சு, ஜன்னலுக்கு நெட் அடிச்சு, வெளையாட்டுக் காட்டுங்க."

உள்ளே அவர் சொல்லி அனுப்புவதை வெளியே வராந்தாவில் நான் ரத்து செய்துகொண்டிருந்தேன். கார்டைக் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன். "படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கட்டுத்தறியிலயே நிக்கற மாட்டுக்குக் கால் கொளம்பு கெட்டுப்போகுமுங்க. காலாற நடந்துட்டு வாரதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பூனைக்கும் அதேதானுங்க." கேட்டவர்கள் முகம் மலர்ந்துவிடும். போகும்போது டாக்டருக்கு ஒரு கும்பிடு, எனக்கு இரண்டு கும்பிடு.

ஒரு நாள் டாக்டர் காதில் விழுந்துவிட்டது. வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏனுங்ண்ணா, மாடு ரோட்டத் தாண்டுனா பஸ்ஸே நின்னு வழி உடும். பூனை தாண்டுனா யாராச்சும் பிரேக் போடுவாங்களா?"

"அட, சும்மா பேச்சுக்குச் சொன்னேனுங்க அம்மிணி" என்று இளித்து வைத்தேன். மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பித்துவிட்டேன். பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

3. கிட்டு

சரோஜா அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசராக இருந்து காலமானவர். மகள் வெளிநாட்டில். தனி வீடு, சின்னக் காம்பவுண்டு. அவருக்குத் துணை என்றால் கிட்டுதான். வெள்ளையில் காவித் திட்டு போட்ட கடுவன் பூனை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ரா கிட்டு, ரா" என்றால் அது கூடையிலிருந்து தானாக வெளியே வரும். நான் கூப்பிட்டால் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை கிட்டு ஊர்ச் சண்டையெல்லாம் போட்டுவிட்டுக் காது கிழிந்து வரும். கருத்தடை செய்துவிட்டால் சண்டையும் சுற்றலும் குறையும் என்று டாக்டர் நாள் குறித்தார். "முந்தின நாள் ராத்திரியில இருந்து ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்கம்மா. மயக்க ஊசி போடறப்ப வயித்துல சாப்பாடு இருந்தா வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்ல போயிரும். உசுருக்கே ஆபத்து. காலையில கதவச் சாத்தியே வெச்சுக்கோங்க."

சரோஜா அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க மணி சார், விடிஞ்சா அது கதவப் பறண்டிக் கத்துமுங்க. காது குடுத்துக் கேக்க முடியாது. ஒரு பத்து நிமிசம் வெளிய உட்டா ஆகாதுங்களா?"

நான் அங்கே "டாக்டர் சொன்னபடி செய்யுங்கம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. சொல்லவில்லை.

"தாராளமா உடுங்கம்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா வயிறும் சுத்தமாயிரும். நீங்க சோறு மட்டும் போட்டுராதீங்க, போதும்." மாட்டைக் காலையில் நாலு எட்டு நடத்திக் கூட்டிவந்தால் சாணி போட்டு வயிறு லேசாகும். அந்த ஞானத்தை அப்படியே தூக்கிப் பூனைக்கு மாட்டிவிட்டேன்.

4. நூறு கிராம்

குறித்த நாள் காலை பத்து மணிக்கு சரோஜா அம்மா கூடையோடு வந்தார். ஆபரேஷன் பாரத்தில் அச்சடித்திருக்கிற கேள்வியைக் கேட்டேன். "கடைசியா எப்பங்கம்மா சாப்புட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம் தயிர் சோறுங்க. அப்பறம் ஒரு பருக்கை கூட இல்லீங்க."

'வெறும் வயிறு' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். வெளியே போனதா என்ற கேள்வி பாரத்தில் இல்லை. பாரத்தில் இல்லாததை நான் ஏன் கேட்கப்போகிறேன்?

எடை மேசையில் நிறுத்தினேன். போன வாரத்தைவிட நூறு கிராம் கூட இருந்தது. பட்டினி கிடந்த பூனைக்கு எடை ஏறுமா என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது, மெஷின்தான் சரியில்லை என்று. மாட்டுக்கு நூறு கிராம் ஒரு கணக்கா? மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, போன வார எடையையே எழுதிவிட்டேன்.

ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் கிட்டு தள்ளாடியது. கண் சொருகியது. அப்புறம் வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பாதி வெளியே வந்தது, பாதி வாயிலேயே நின்றுவிட்டது. மயக்கத்தில் துப்பக்கூடத் தெம்பில்லை. ஈறு நீலமாக மாறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணா, தூக்குங்க! தலை கீழ!"

கன்றுக்குட்டி பனிக்குடத் தண்ணீரைக் குடித்துப் பிறந்தால் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுவோம். கை தானாகப் பின்னங்காலுக்குப் போய்விட்டது.

"சுத்தாதீங்கண்ணா! ஐயோ, தலைய மட்டும் சாய்ச்சுப் புடிங்க!"

பிடித்தேன். டாக்டர் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு விரலால் தோண்டி எடுத்தார், குழாய் விட்டு உறிஞ்சினார், ஆக்ஸிஜன் வைத்தார். எத்தனை நிமிடம் என்று தெரியாது. எனக்கு அன்னூர் முதல் கோயமுத்தூர் வரை நடந்த மாதிரி இருந்தது. கடைசியில் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. அப்புறம் இன்னொருமுறை.

டாக்டர் தட்டில் கிடந்ததைப் பார்த்தார். குழம்பு மசாலாவோடு பொடிப்பொடியாக ஆட்டு ஈரல்.

"அண்ணா, இதுதான் வெறும் வயிறா?"

5. ஈரல் வந்த வழி

டாக்டர் வெளியே போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. "உசுரு இருக்குங்கம்மா. ஆனா கொஞ்சம் நுரையீரலுக்குள்ள போயிருக்கலாம். ரெண்டு நாள் இங்கயே வெச்சுப் பாக்கணும். இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது. காலையில ஈரல் குடுத்தீங்களா?"

"என்ற ஊட்ல ஈரலா? நான் கறியத் தொட்டே வருசக்கணக்காச்சுங்க!" என்றவர், அப்படியே விசும்ப ஆரம்பித்தார். "ஒரு பத்து நிமிசம் வெளிய உட்டேனுங்க. அங்க எங்கியோதான் தின்னிருக்கு. நானே கொன்னுபோட்டேனே. என்ற கையால நானே கொன்னுபோட்டேனே."

யார் விடச் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. நான் உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரை ஏற்கெனவே துடைத்தாயிற்று. மறுபடியும் துடைத்தேன். வெட்கக்கேடு.

மறுநாள் காலை சரோஜா அம்மா இன்னொரு பெண்ணோடு வந்தார். பின் வீட்டு மும்தாஜ். அவர் வீட்டுக்காரர் கிரைண்டர் கடை வைத்திருக்கும் பாய். முந்தின நாள் சாயங்காலம் மும்தாஜ் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று "பாஷா, பாஷா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, சரோஜா அம்மா எட்டிப் பார்த்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வெள்ளையில் காவித் திட்டு, கிழிந்த காது என்றதும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

"தெனமும் ஏழரைக்கு வந்துருமுங்க" என்று மும்தாஜ் அழுதார். "நேத்து இடியாப்பத்துக்கு ஈரல் கொளம்பு வெச்சேன். என்னைக்கும் இல்லாத பசியில வந்துச்சு. பாவம்னு இன்னும் ரெண்டு கரண்டி அள்ளி வெச்சேன். ஆபரேசன்னு தெரிஞ்சா வெப்பனுங்களா? எங்க பாஷாங்க அது. ரெண்டு வருசமா வளத்துறோம்."

"எங்க கிட்டு" என்று சரோஜா அம்மா முனகினார்.

முதுகோடு முதுகு ஒட்டின இரண்டு வீடு. இரண்டு வருசமாக ஒரே பூனைக்கு இரண்டு சாப்பாடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் கூண்டுக்கு முன்னால் நின்று, நான்தான் காரணம், இல்லை நான்தான் காரணம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டு கண்ணை அரைக்கண்ணாக வைத்து, வயிறு ஏற இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பிழைக்குமா என்று டாக்டருக்கே அப்போது தெரியாது.

எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டு பேருமே இல்லீங்க" என்றேன். "டாக்டர் கதவச் சாத்தி வெக்கச் சொன்னாங்க. நாந்தான் தாராளமா உடுங்கன்னு சொன்னேன். எடை கூட இருந்ததையும் பாத்துட்டு மாத்தி எழுதிப்போட்டேன்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எடை விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். போனாலும் நியாயம்தான்.

சரோஜா அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்க சொன்னதுக்காக உடலீங்க மணி சார். அது கத்துனது தாங்க முடியாம நான் முன்னாலயே உடறதுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். நீங்க வேண்டாம்னிருந்தா வேற யாரயாச்சும் கேட்டிருப்பேன். உடுங்கன்னு சொல்ற ஆளு சிக்கற வரைக்கும் கேட்டிருப்பேனுங்க."

என் தப்பைக்கூட அந்த அம்மா முழுசாக எனக்குக் கொடுக்கவில்லை. முப்பது வருசமாக என் பேச்சுக்கு ஊரே கட்டுப்படுகிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவரவர் செய்ய நினைத்ததற்குத் தலையாட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் கைக்கு வாகாகக் கிடைத்தேன். அவ்வளவுதான் என் வைத்தியம்.

6. ஷிப்டு

மூன்றாம் நாள் கிட்டு எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சீறியது. அந்தச் சீறலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபரேஷன் ஒரு மாதம் கழித்து நடந்தது. அந்த முறை முந்தின நாளே கிளினிக் கூண்டில் அடைத்தோம். பூட்டுச் சாவி டாக்டரிடம். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எடையை மட்டும் அவரே வந்து பார்த்து எழுதுகிறார்.

இப்போது கிட்டு வெளியே போவதில்லை. இரண்டு வீட்டு ஜன்னலுக்கும் நெட் அடித்தாயிற்று. முதல் வாரம் கத்திக் கத்தித் தெருவையே கூட்டிவிட்டதாம். சரோஜா அம்மா மில் குடும்பம் இல்லையா, ஷிப்டு போட்டுவிட்டார். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அவர் வீட்டில் கிட்டு, அதற்கப்புறம் மும்தாஜ் வீட்டில் பாஷா. சுவருக்கு மேலே கூடையைக் கை மாற்றும்போது என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று ஒப்புவித்துத்தான் கொடுக்கிறார்கள்.

நானும் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஒருத்தர் சாம்பல் நிறக் குட்டியோடு வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, "ஏனுங்க, வெளிய உடலாமுங்களா?" என்றார். "டாக்டர் சொன்னபடி செய்யுங்க. உடக் கூடாதுங்க" என்று கணீரென்று சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், வாசலில் ஆட்டோக்காரரிடம் கூடையைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்கிறார். ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது: "அட, அது பூனைங்க. தாராளமா உடுங்க, ஒண்ணும் ஆகாது." கேட்டவர் முகம் மலர்ந்துவிட்டது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்ட அவர் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இருங்க, உடறதும் உடாததும் உங்க இஷ்டம். ஆனா நான் ஒரு பூனைய எப்படிக் கொல்லப் பாத்தேன்னு கேட்டுட்டுப் போங்க" என்று ஆரம்பித்தேன். கதையில் ஈரல் வருவதற்குள் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். கதை முடியும்போது அந்த மனிதர் கூடையின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்.