வெள்ளைச் சட்டையில் வெள்ளிக் கறை

வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைக்கும் வேலை எனக்கு. ஒரு அம்மா நீட்டிய விரலைத் துடைத்தேன். துணி வெள்ளியாக மின்னியது. பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டாலும் நகக்கண்ணில் இருக்கும் அலுமினியப் பொடிக்கு லீவு கிடையாது.

அப்பா முதல்முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது நான் மூன்றாம் வகுப்பு. கம்பெனி விடும் நேரம் பார்த்து வாசலில் நின்று கையைப் பிடித்து ஓட்டுக் கேட்பார். வேலையாட்கள் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள்.

"வேணாங்கய்யா, சட்டை பாழாப் போயிரும்."

அப்பா விடமாட்டார், இழுத்துப் பிடித்துக்கொள்வார். வீட்டில் அம்மா கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டே கத்துவாள்: "ஓட்டு வாங்கப் போறீகளா, கறை வாங்கப் போறீகளா?"

தோற்றுப்போனார். மறுநாள் தெருவில் தலைகாட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. அவரோ சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பியபோது தோள், முதுகு, நெஞ்சு எங்கும் வெள்ளி விரல் தடம். அன்றைக்கு யாரும் கையை ஒளிக்கவில்லை. அவர்களாகவே வந்து கட்டிப்பிடித்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டையை மட்டும் அம்மா துவைக்கவில்லை. "இருக்கட்டும், அடுத்த தடவையும் நிப்பீகள்ல" என்று மடித்து வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த தேர்தலுக்கு மனுத்தாக்கல் செய்தார், ஜெயித்தார். பிறகு ஒருமுறை தோற்றார், ஒருமுறை ஜெயித்தார், போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

வாக்குச்சாவடி வேலை முடிந்து மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். என் சேலை முந்தானையில் மின்னிய பொடியை அப்பா உற்றுப் பார்த்தார்.

"கையை ஒளிச்சாகளா தாயி?"

"இல்லப்பா. நீட்டுனாக."