கல்லுக்குக் கிடைத்த தேதி

முப்பது வருஷமாக ஊமான் ஊர்ச் சந்தை வாசலில் மூன்று சக்கர மிதிவண்டியில் சவாரி ஏற்றுகிறார் வில்பெர்த்தோ சாப்லே. நடுவில் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். மத்தியானம் சோளரொட்டியோடு ஒரு கோலா, அவ்வளவுதான். இடது சிறுநீரகத்தில் கல் மான்கொம்பாகக் கிளைவிட்டது.

முதுகில் சின்னத் துளை போட்டு அதை உடைத்தெடுக்க, ஒன்பது மாதம் காத்திருந்து மெரிதா ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினார். முன்னதாகச் சிறுநீர்ப் பரிசோதனை. புட்டியில் பிடித்தது கலங்கி நாறியது. கிருமி என்று தெரிந்தால் தேதி போய்விடும்.

"எங்க அண்ணன்கிட்ட வாங்கிக் குடுத்துடுவோம்யா," என்றாள் மனைவி நிதியா. "மோந்து பாத்தா ஆளைக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

கொடுத்தார்கள். இன்று ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுகட்டிலில் கிடக்கிறார். விடியலில் விழுங்கிய மாத்திரை காய்ச்சலை மறைத்துவிட்டது, நடுக்கத்தை மறைக்கவில்லை. ஏசி குளிர் என்று நர்ஸிடம் சொல்லிவைத்தார்.

டாக்டர் இராசெமா கோப்பைப் புரட்டினாள்.

"கிருமி இல்ல, நல்லது. கல்லு பெருசு, ஒரே தடவையில முழுசா வராம போகலாம். அது பரவாயில்ல. கிருமியோட உடைச்சாதான் வம்பு. ரத்தத்துல ஏறி ஆளையே கொண்டுபோயிடும். ஆமா, சிறுநீர்ல இவ்வளவு சர்க்கரை, ரத்தத்துல இல்லியே?"

சொன்னால் ஒன்பது மாதம் போச்சு. சொல்லாவிட்டால்? கட்டில் நகர்ந்தது. கதவு திறந்தது. அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்கம்மா! அது என்னுது இல்ல. மச்சானுது. அவருக்குத்தான் சர்க்கரை வியாதி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியவரே," என்றாள் டாக்டர், "இன்னும் கால்மணி நேரம் வாயைத் திறக்காம இருந்திருந்தீங்கன்னா..."

கல்லைத் தொடவில்லை. முதுகு வழியாக ஒரு குழாயை மட்டும் செருகினார்கள். மஞ்சளாகச் சீழ் இறங்கியது.

"தேதி எப்பம்மா?"

"முதல்ல இது வடியட்டும். மருந்து கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

வார்டில் நிதியா பாய்ந்து வந்தாள். "சொல்லித் தொலைச்சிட்டியா? பாவி மனுஷா, ஒன்பது மாசம்!"

கட்டிலோரம் குழாய் நுனியில் தொங்கிய பையைப் பார்த்தாள். பாதிக்குமேல் சீழ் நிரம்பியிருந்தது.

"இதோடயா," என்றாள், "உன்னை உள்ள அனுப்பினேன்?"