டேப் நின்ற இடம்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. ஏரிப் பக்கத்திலிருந்து அடித்த காற்றில் ஜன்னல் கதவுகள் டமார் டமாரென்று மோதிக்கொண்டிருந்தன.

என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கர்நாடக சங்கீதம் என்றால் உயிர். பாடுவதில்லை, கேட்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் குளியலறையில்கூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. "எனக்குக் காது மட்டும்தான் குடுத்திருக்கான், தொண்டை குடுக்கல" என்பார். எனக்குச் சங்கீதத்தில் இரண்டும் கிடையாது. டிவியில் சீரியல் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே ஆலாபனை ஓடினால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துகிறவள் நான்.

ஓய்வு பெற்ற பிறகு வாட்ஸப் குழு ஒன்றில் போய் விழுந்தார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துச் சங்கீதப் பைத்தியங்கள் எல்லோரும் அதில் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். காலையில் யாராவது ஒருவர் "இன்று காதில் என்ன?" என்று கேட்பார். உடனே ஒவ்வொருவரும் தாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கச்சேரி என்ன, யார் பாடியது, வயலின் யார், எந்த இடத்தில் சொக்கிப்போக வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டும். என் கணவர் காபி ஆறி ஏடு படிவது தெரியாமல், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். பால்காரன் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனதுகூடத் தெரியாது. எனக்கு அந்தக் குழுவின் மேல் சக்களத்தி மேல் வருகிற மாதிரி ஒரு எரிச்சல்.

அந்தக் குழுவில் அவருக்கு மிகவும் நெருக்கமானவர், பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவரிடம் பழைய கேசட்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்தவை. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் குழுவில் போடுவார்.

அப்படிப் பதிந்த கேசட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. பாட்டு நடுவில் இருக்கும்போதே கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்துபோகும். திருப்பிப் போடுவதற்குள் மிச்சம் போயே போய்விடும். குழுவில் மற்றவர்கள் அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி, இதமாக முடிகிற மாதிரி செய்துவிடுவார்கள். பாய் மட்டும் அதைச் செய்ய மாட்டார். அவர் ஏற்றும் பாட்டு வரியின் நடுவில் டப்பென்று நிற்கும்.

என் கணவருக்கு அது ஆகவே ஆகாது. "சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது இலையப் பிடுங்குற மாதிரி இருக்கு பாய்" என்று போனில் கத்துவார். பாயும் விட மாட்டார். "அந்த எடத்துல டேப்பு தீந்துபோச்சு சார். நடந்தது அதான். அத நான் எதுக்கு மூடி மறைக்கணும்?" என்பார். கடைசியில் ஒரு பழைய கச்சேரியை வைத்து இந்தச் சண்டை முற்றிவிட்டது. என் கணவர் வருஷக்கணக்காகத் தேடிய கச்சேரி அது. கேசட் பாய் கையில் கிடைத்துவிட்டது. முடிவை அடக்கி அனுப்பினால்தான் கேட்பேன் என்று இவர் வீம்பு பிடிக்க, அப்படியென்றால் அனுப்பவே மாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொள்ள, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இந்த வயதில் இப்படியுமா என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எல்லாம் தலைகீழானது. பங்குனியில் ஒரு நாள் காலை, பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். வலது கையும் காலும் தொய்ந்துபோயின. அதைவிட, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் "அது... அது..." என்ற ஒரே சொல்தான். பசித்தாலும் அது, வலித்தாலும் அது, என்னைக் கூப்பிடவும் அது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போவேன். மாடு, பூட்டு, கரண்டி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது என்ன என்று கேட்பார்கள். ஒரு ஆலாபனை தொடங்கியதுமே ராகத்தைச் சொல்கிற மனுஷன், மாட்டுப் படத்தைப் பார்த்துத் திணறி, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன்.

பாட்டாவது ஆறுதல் தரும் என்று போனில் ஏதாவது போட்டேன். இடது கையால் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ முறை முயன்றேன். உயிராக இருந்த ஒன்றை அவர் வெறுக்கிறாரே என்று எனக்குப் பயம் வந்தது. பேச்சு வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்கிற ஆசையும் செத்துவிட்டால் மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அவருக்கு உடற்பயிற்சி கொடுக்க நூம்பலிலிருந்து ஒரு பெண் தினமும் வருவாள். கலகலவென்று பேசுவாள். "இன்னாக்கா, சாரு இன்னிக்கும் உம்முனு கீறாரு? ஊட்டுல பாட்டு கீட்டு ஒண்ணும் போட மாட்டியா?" என்று கேட்பாள்.

அந்த ஆடி மாதத்து நாளில் பாய் போன் செய்தார். அதற்கு முன்பும் பல தடவை விசாரித்திருக்கிறார், நேரில் வந்ததில்லை. "சார் இப்ப என்னம்மா கேக்குறாரு?" என்றார். எதுவுமே கேட்பதில்லை என்றேன். "சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வரேம்மா" என்று வைத்துவிட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கிவிட்டார். என்னைத் தனியே அழைத்து, "நான் சண்ட போட்டு மனச நோகடிச்சதாலதான் சாருக்கு இப்படி ஆயிடுச்சோன்னு தூக்கமே வரலம்மா" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன பாய் சம்பந்தம்? பிரஷர் மாத்திரையை ஒழுங்கா போட மாட்டாரு. அதான்" என்றேன்.

பையிலிருந்து சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தார். "அந்தக் கச்சேரியக் கொண்டாந்திருக்கேன். சார் கேட்டாப்லயே முடிவ நல்லா அடக்கிட்டேன். காதுக்குப் பூ மாதிரி இருக்கும்" என்றார். தன் கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தார் மனுஷன்.

என் கணவர் பாயைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். பாய் அந்தக் கையைப் பிடித்தபடியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் பார்த்ததும் இவர் முகம் இறுகியது. ஆனாலும் நண்பனுக்காகவோ என்னவோ, தட்டிவிடவில்லை. பயிற்சிப் பெண் அப்போதுதான் அவர் காலை நீவி முடித்திருந்தாள். நான் டீ போட உள்ளே போனேன்.

பாய் போட்டது, அம்பாளிடம் என்னைக் கைவிட்டுவிடாதே என்று முறையிடுகிற பாட்டு. அது மட்டும் எனக்கே புரிந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் கண்ணை மூடியிருந்தார். இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதுவே போதும் சாமி என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு டீயை வடிகட்டினேன்.

பாட்டு மேலே மேலே போய், ஒரு வரியைப் பாதி பாடியபோது டப்பென்று நின்றது.

"ஐயோ! அடக்காததப் போட்டுட்டேனே! ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சுத் தொலச்சுட்டேன்..." என்று பாய் பதறுவது கேட்டது. அவர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் பாட்டு திரும்பவும் வந்தது. கரகரவென்று, கொஞ்சம் உடைந்து, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தது. மிச்சம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டம்ளரோடு வெளியே வந்தேன்.

பாடிக்கொண்டிருந்தது என் கணவர்.

கண்ணைத் திறக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியபடிதான் இருந்தது. ஆனால் அந்த வரியின் மிச்சச் சொற்கள் ஒவ்வொன்றாக, முழுசு முழுசாக வந்து விழுந்தன. மாடு என்ற சொல்லுக்கு வழிவிடாத அதே வாயிலிருந்து! வரியை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். பாய் ஸ்பீக்கரை நோக்கி நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட ஆரம்பித்தார். அவர் தாடியெல்லாம் கண்ணீர்.

"யக்கா! சாரு பாடுறாருக்கா! வார்த்த வருதுக்கா!" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். விரல் சுட்டதுகூடத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கூட வாழ்ந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கணவர் பாடிக் கேட்கிறேன். பேச்சை இழந்த பிறகு!

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தார். நாங்கள் மூவரும் விழிப்பதைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். "அது... அது..." என்றுதான் வந்தது. அவர் முகம் அப்படியே விழுந்துபோனது. என் நெஞ்சும்தான்.

பாய் எழுந்து, அந்தப் பாட்டையே கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். டேப் நின்ற இடம் வந்தது. இவர் மறுபடி பாடினார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே பாடினார். தன் வாயிலிருந்து சொல் வருகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு எத்தனை முறை போட்டோமோ, காற்றில் கதவு அடித்துக்கொண்டேயிருந்தது, சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் சொன்னபோது பயிற்சி கொடுப்பவர் சந்தோஷப்பட்டார். சிலருக்குப் பேச்சுக்கான வழி அடைபட்டாலும் பாட்டுக்கான வழி திறந்தே இருக்கும், இனி அந்த வழியாகவே சொற்களைக் கூட்டி வரலாம் என்றார். சரி, அவர் படித்தவர், காரணம் சொல்கிறார். எனக்கு என்னவோ அது இன்னும் பிடிபடவில்லை. நினைக்க நினைக்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இப்போது தண்ணீர் வேண்டும் என்பதை ராகம் போட்டுக் கேட்கிறார். அது மோகனம் என்று பாய் சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும், கேட்கிறாரே, அது போதும். என் பெயரும் வந்துவிட்டது, கொஞ்சம் இழுவையாக.

பாய் அடக்கிக் கொண்டுவந்த அந்த இன்னொரு பதிவை நாங்கள் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாள் பாய் அதைப் போடப் போக, இவர் இடது கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இப்ப ஒத்துக்கினீங்களா சார்?" என்றார்.

இவர் முதன்முதலில் பாடியதற்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். இவர் போனில் வழக்கம்போல "இன்று காதில் என்ன?" என்று வந்து நின்றது. நோய் வந்ததிலிருந்து இவர் பெயரில் பதில் போனதேயில்லை. பயத்தோடு எடுத்து, இவரைப் போலவே ஒற்றை விரலால் தட்டினேன்: "என் வீட்டுக்காரர்."

இப்போதெல்லாம் எங்கேயாவது ஒரு பாட்டு பாதியில் நின்றால், மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில், மிச்சத்தைப் பாடும் குரலுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.