இட்லியில் முடிந்த நாய்

அந்தச் சிலேட்டுக்கு ஒரு பக்கச் சட்டம் கிடையாது. மாமனார் வீட்டுக் கூடத்தில், தீபாவளிப் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே, அதை மடியில் வைத்துக்கொண்டுதான் என் சகலை முதன்முதலாக நாய் வரைந்தார். என் மனைவியின் தங்கையை மணந்தவர். மாசி வீதி ஜவுளிக் கடை ஒன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது வேலை. அது அவருக்குத் தலை தீபாவளி. நானோ அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சர்க்கார் நடத்தும் சித்திரப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் தேறியவன். ஆகவே, சகலையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழந்தைகள் சற்று நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள் என்று கௌரவமாகக் காத்திருந்தேன். ஒன்றும் திரும்பவில்லை. என் மகளும்தான்.

"முதல்ல ஒரு இட்லி" என்றார் சகலை. வட்டம் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "இட்லிக்குக் கீழ ஒரு பூசணிக்கா. ரெண்டு பக்கமும் வெத்தலையத் தொங்க விடு, காது ஆச்சு. மூக்குக்கு ஒரு நாவப்பழம். வாலுக்கு என்னத்த வைக்க? நீ சொல்லு தாயி."

"முறுக்கு!" என்று என் மகள் கத்தினாள். முறுக்கு வாலாயிற்று. நாய் பல்லைக் காட்டிச் சிரித்தது. நாய்கள் அப்படிச் சிரிப்பதில்லை என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் அவகாசம் இல்லை.

நாய் வரைய ஒரு முறை உண்டு. முதலில் முதுகெலும்பின் போக்கைக் குறிக்க வேண்டும். பிறகு தோள் மூட்டு, இடுப்பு மூட்டு. தலையின் நீளத்தை அளவாகக் கொண்டு உடலின் நீளம். இவை எல்லாம் அழுத்தாத மெல்லிய கோடுகளில். அதற்கும் முன்னால் மாணவன் நேர்கோடு போடப் பல மாதம் பழகியிருக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கிப் பாடம் பாடமாக எழுதி, படங்களும் போட்டு, ஒரு புத்தகத்துக்கான கையெழுத்துப் பிரதியை மாமனாரிடம் கொடுத்திருந்தேன். அவருக்கு மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சிறிய அச்சுக்கூடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளும், திருவிழாக் கடைகளில் விற்கும் சின்னப் புத்தகங்களும் அவருடைய தொழில். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்நாளில் எனக்கு வேறு ஆசை இல்லை. கேட்கும்போதெல்லாம் "பாப்போம் மாப்ள" என்பார்.

அந்தத் தீபாவளி கழிந்ததும் என்னைக் கூப்பிட்டு விட்டார். போனேன். "சின்ன மாப்ள போட்டாரே ஒரு நாயி, அத வர்ற சித்திரைத் திருவிழாவுக்குப் புத்தகமாப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். புள்ளைக அம்புட்டுச் சிரிப்பு சிரிச்சதுகளே!" என்றார். படித்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேண்டுமாம். நல்லது என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீக? நாயி கடிச்சிருச்சா?" என்று கேட்டாள். சகலை இன்னும் மோசம். ஓடி வந்து, "அண்ணே, உங்க பேரையும் சேத்துப் போடச் சொல்லுறேண்ணே, நீங்கதான மாஸ்டரு" என்றார். பொறாமைப்படுகிறவனிடம் ஒருவன் பெருந்தன்மையாக நடந்துகொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஒரே தாளை மடித்துச் செய்த புத்தகம் அது. நாய் வளரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மரக்கட்டை செதுக்கி, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து அச்சிட ஏற்பாடு. எழுத்துக் கோக்கும் ஆள் தன் ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டதால் கட்டைகளை மாமனாரே அடுக்கினார். அச்சில் இடது வலதாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கணக்குப் பார்ப்பதிலேயே காலம் கழித்தவர், கை மறந்துவிட்டது. கண்ணுக்கு நேராக, இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டார். கட்டைகளுக்கு எண் போட வேண்டும் என்று சகலைக்கும் தோன்றவில்லை. தாள்கள் அச்சாகி வந்தபோது முதல் படத்தில் முழு நாய் சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்ததில் வாலைக் காணோம். அதற்கடுத்து மூக்கு போயிற்று, பிறகு காது, பிறகு உடம்பு. கடைசியில் ஓர் இட்லி. மேலே கொட்டை எழுத்தில், 'எளிதில் நாய் வரையலாம்.'

மாமனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி அச்சடிக்கத் தாளும் இல்லை, நாளும் இல்லை. அப்படியே திருவிழாக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். மலையிலிருந்து வரும் சாமியை ஊரார் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையன்று நான் தல்லாகுளத்துக்குப் போனேன். சாமி பார்க்க என்று வீட்டில் சொன்னேன். புத்தகத்தை வாங்கியவர்கள் திரும்பி வந்து கடைக்காரனிடம் சண்டை பிடிப்பதைப் பார்க்கத்தான் போனேன்.

யாரும் சண்டை பிடிக்கவில்லை. கடைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் கூட்டமாகக் குந்தியிருந்தார்கள். ஒருவன் மண்ணில் முழு நாயைக் கீறினான். மற்றவர்கள் முறை வைத்து விரலால் அழித்தார்கள். "வால் போச்சு!" "காது போச்சு!" கடைசியில் இட்லி மட்டும் மிஞ்சியதும் எல்லாரும் பாய்ந்து அதைத் தின்பதுபோல் வாயைச் சப்பினார்கள். உடனே இன்னொரு நாய். என் வகுப்பில் எந்தப் பையனும் நான் சொல்லாமல் இரண்டாவது கோடு போட்டதில்லை. "நாயி தீந்துபோச்சுய்யா, நாளைக்கு வாங்க" என்று கடைக்காரன் கத்திக்கொண்டிருந்தான். அப்படி அடுக்கியது தம்முடைய யோசனைதான் என்று மாமனார் அந்த வாரமே சொல்லத் தொடங்கினார்.

எதிர்சேவைக்கு மறுநாள் காலை என் மகள் சிலேட்டோடு வந்தாள். "அப்பா, நீங்க ஒரு நாயி போடுங்க." போட்டேன். முதுகெலும்பு, தோள், இடுப்பு, நிழல், எல்லாம் முறைப்படி. அதைவிட நல்ல நாயை நான் வரைந்ததில்லை. அவள் விரலை எச்சில் தொட்டு வாலை அழித்தாள். காதை அழித்தாள். காலை, உடம்பை அழித்துவிட்டு, மிஞ்சியதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேலி இல்லை, உண்மையான கவலை.

"அப்பா, உங்க நாயில இட்லியக் காணோமே."

அன்று மாலை அச்சுக்கூடத்துக்குப் போய் என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்டேன். ஏன் மாப்ள என்று மாமனார் ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அவர் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியிலிருந்து அதை உருவி, துண்டால் தூசியைத் தட்டிக் கையில் கொடுத்தார். அங்கே நின்றிருந்த சகலை, "கனமா இருக்குமேண்ணே, கொண்டாங்க, நான் தூக்கிட்டு வாரேன்" என்று வாங்கிக்கொண்டு என் வீடு வரை நடந்து வந்தார். வழி நெடுக வெயிலைப் பற்றியும் வேட்டி விலையைப் பற்றியும் பேசினாரே தவிர, நாயைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவர் காலமாகி வெகு நாளாகிறது. அதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.