நின்று பார்த்த புள்ளிகள்

எங்கள் வானியல் ஆய்வறையில் அவளுக்குப் பட்டப்பெயர் பம்பரம். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்து குப்பை கொட்டிய எனக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். எழுந்தாலே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் அதட்டுவார். அவளும் உடனே உட்கார்ந்துவிடுவாள்.

வேலை அப்படி. தொலைநோக்கி எடுத்த படங்களில் மங்கலாக எது தெரிந்தாலும், அது விண்மீன் திரளா, வெறும் இரைச்சலா என்று குறிக்கவேண்டும். ஆதியில் அண்டமெங்கும் நிறைந்திருந்த வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிந்த ஒளி எது? கருந்துளையைச் சுற்றி எரியும் சில பெரிய குவேசார்களா, எண்ணி மாளாத குட்டித் திரள்களா? குட்டிகளின் ஒளி போதாது என்பது பேராசிரியரின் கட்சி. பம்பரம் ஆறு வருடமாக எண்ணிய திரள்களின் கணக்கும் அதையே சொன்னது. அதை வைத்து அவர் எழுதிய கட்டுரை அன்று மாலை அச்சுக்குப் போகவேண்டும். அவளுடைய வேலை ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது; நீட்டிக்கவேண்டிய கையெழுத்து அவருடையது.

அன்று காலையில் அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார், அதட்ட ஆளில்லை. தண்ணீர் எடுக்கப் போன பம்பரம் கதவருகே திரும்பித் தன் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ‘இல்லை’ என்று தள்ளிய இடத்தில் ஒரு புள்ளி. வந்து உட்கார்ந்தாள், காணோம். நாலடி தள்ளி நின்றாள், இருந்தது. கிட்டத்தில் இரைச்சல் கண்ணை மறைத்திருக்கிறது. அப்படித் தவறிப்போன குட்டித் திரள்கள் இன்னும் எத்தனையோ; கட்டுரையின் முடிவே தப்பாகலாம்.

வாயை மூடிக்கொண்டிரு என்று நான்தான் சொன்னேன். சொந்தக் காசில் யாராவது சூனியம் வைத்துக்கொள்வார்களா? அவள் கையைப் பிசைந்துகொண்டு மேசைகளுக்கு நடுவே அலைந்தாள். பேராசிரியர் திரும்பியதும் மூன்று தடவை அவர் கதவுவரை போய்த் திரும்பினாள். நாலாவது தடவை உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர் நம்பவில்லை. படங்களில் இருபது பொய்ப் புள்ளிகளை அவரே ஒளித்துவைத்துத் தேடச் சொன்னார். உட்கார்ந்து ஆறைக் கண்டுபிடித்தாள். தள்ளி நின்று பதினேழு. இல்லாத ஒன்றைக்கூட இருப்பதாகச் சொல்லவில்லை.

அவர் முகம் செத்துவிட்டது. “ஆறு வருஷமா இது எப்படிம்மா தெரியாம போச்சு?”

பம்பரம் முதல்தடவையாக அசையாமல் நின்றாள். “எழுந்தாலே உட்காரச் சொன்னீங்களே, சார்.”

அவர் கட்டுரையை எடுத்து இழுப்பறையில் போட்டார். பிறகு எழுந்து, அவளுடைய ஒப்பந்தத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.