ஏழாம் நம்பர் கிணறு

கோயிலில் கண்ணை மூடி நின்றால் எல்லோருக்கும் நல்லது கேட்பவள் என்றுதான் ஊரில் எனக்குப் பேர். எழுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் நான் அப்படிக் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மனுக்கு நெய்விளக்கு வைத்து, என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனுடைய மோட்டார் புகைந்து போகவேண்டும் என்று கேட்டேன்.

அவர் எனக்கு மச்சாண்டார் முறை. எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். மழை பொய்த்து எல்லாக் கிணறும் இறங்கியிருந்த சமயம், அவர் வெளியூர் ஆட்களைத் தன் கிணற்றுக்குள் இறக்கி, அடிப்பாறையில் பக்கவாட்டாகத் துளை போட்டார். துளை போனது எங்கள் கிணறு இருக்கும் திசையில். அடுத்த மாதமே எங்கள் கிணற்றில் குடம் முங்கவில்லை. நட்ட வெங்காயம் அப்படியே காய்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய கரும்பு தளதளவென்று நின்றது.

நேரில் போய்க் கேட்டேன்.

"தண்ணி என்ன, உன்ற ஊடு என்ற ஊடுன்னு கேட்டுட்டா வருது? மோட்டார் வெக்க வக்கில்லீன்னா சாமியக் கும்பிட்டுட்டுக் கம்முனு கெட அம்முணி" என்றார். கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

துளையை அடைக்கச் சொல்லி வில்லேஜ் ஆபீசில் பராதி எழுதிக் கொடுத்தோம். மண்ணுக்குத்தான் பட்டா, அடியில் ஓடும் தண்ணீருக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர், "பங்காளிகூட மல்லுக்கு நிக்காதே" என்றார். அவர் நிற்கவில்லை. நான் நின்றேன்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி பஸ் ஏறி வந்தாள். தண்ணீர், காடு, மண் இவற்றைப் பற்றிய பொருளாதாரப் படிப்பாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒருவர் கிணற்றில் இறைத்தால் அடுத்தவர் கிணறு என்ன ஆகிறது என்று எழுதப் போகிறேன் என்று அவள் சொன்னது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மன்தான் அனுப்பியிருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடையாளத்துக்காகக் கிணற்றுச் சுவர்களில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதினாள். எங்களுடையது நாலு. மச்சாண்டாருடையது ஏழு. அவருக்கு அதில் ஒரே பெருமை. "பெருசா எழுது கண்ணு, ரோட்டுல போறவனுக்கும் தெரியட்டும்" என்று பக்கத்தில் நின்று எழுத வைத்தார்.

எனக்கு ஒரு கயிறு கொடுத்தாள். நுனியில் கல், சாணுக்கு ஒரு முடிச்சு. காலையில் அவர் மோட்டார் போடும் முன் ஒரு அளவு, நிறுத்திய பின் ஒரு அளவு. மோட்டார் ஓடாத நாளும் அளக்க வேண்டும் என்றாள். ஒரு வருஷம் ஒரு நாள் விடாமல் எங்கள் கிணற்றை அளந்தேன். ஒரு முடிச்சு கூட்டி எழுதினால் என்ன என்று தோன்றிய நாளும் உண்டு. எழுதவில்லை. சாமிக்குப் பயந்தது பாதி. பொய் கலந்தால் அந்த மனுஷன் நழுவிவிடுவார் என்ற பயம் மீதி.

மறு வருஷம் அவள் டைப் அடித்து பைண்டு செய்த புத்தகத்தோடு வந்தாள். இங்கிலீஷ். எங்கள் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"ஏழாம் நம்பர் கிணத்துல இறைக்கற நாளெல்லாம் நாலாம் நம்பர்ல தண்ணி இறங்குதுங்க அக்கா. ஏழாம் நம்பர்காரர் எடுக்கற தண்ணிக்கு முழு விலையும் அவர் குடுக்கறதில்லை. பாதிய நாலாம் நம்பர்காரர் சுமக்கறார்னு எழுதியிருக்கேன்."

"அவரு பேரு எங்க கண்ணு?"

"பேர் போடக்கூடாதுங்க. படிப்புல அதான் முறை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷம் குனிந்து குனிந்து அளந்தது ஒரு வெறும் நம்பருக்கா? அவள் போன பிறகும் அந்த வரிகளையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிறகு தெளிந்தது. நம்பர் யாருடையது என்று ஊருக்கே தெரியுமே.

ரேஷன் கடை வரிசையில் ஆரம்பித்தேன். புத்தகத்தில் இருந்ததை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். அடுத்த வாரம் அதே வரிசையில் யாரோ, "ஏழாம் நம்பருக்குச் சக்கர போட்டாச்சுங்களா? இல்லீன்னா நம்ம பங்கையும் உறிஞ்சிருவாரு" என்றார்கள். கடைக்காரரே சிரித்தார். மச்சாண்டார் வரிசையில்தான் நின்றிருந்தார்.

அன்று மாலையே கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஊர் விடவில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோது, "ஏழாம் நம்பர் ஊடுங்களா?" என்று கேட்டு அனுப்பினார்களாம். அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அம்முணி, புள்ளைக்குக் கண்ணாலம் ஆகோணும். ஊரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

"மொதல்ல தொளைய அடைங்க மாமா."

சிமெண்டு வாங்கி அடைத்தார். என் வீட்டுக்காரரை அவர் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவரச் சொன்னேன். மெல்ல மெல்ல எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது. மறுபடி வந்து நின்றார்.

"அடைச்சாச்சு. இனியாச்சும் சொல்லு."

"சொல்றனுங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது மனசு உறுத்துகிறதா என்று பார்த்தேன். உறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முறையாக அழைத்தார்கள். பட்டுக் கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி. "ஏனுங்க, பொண்ணோட அப்பாவ ஏழாம் நம்பர் ஏழாம் நம்பர்ங்கறாங்களே, எதுக்குங்க?" என்று கேட்டாள்.

ரசம் ஆறும்வரை சொன்னேன்.